கியர் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். உண்மையிலேயே போய்விட்டதா, எப்படித் தெரிந்துகொள்வது?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். என்னுடையது 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக், ஐந்து கியர் மேனுவல், ஓட்டம் 1,46,000 கி.மீ. புதன், சனி இரண்டு நாளும் அம்மாவை டயாலிசிஸுக்காகத் தேனியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போய் வருகிறேன். ஒன்றரை மாதமாக வண்டியில் ஒரு சத்தம். ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போகும்போது "ஊ...ஊ..." என்று ஊளையிடுவது போல ஆரம்பித்தது. இப்போது சமதரையிலும் கேட்கிறது. அத்துடன் நாலிலிருந்து மூன்றுக்குச் சட்டென்று இறக்கினால் "கர்ர்" என்று ஒரு கடி. நிதானமாக மாற்றினால் ஒன்றும் இல்லை.

நேற்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார், அசெம்பிளியா மாத்திடுங்க. 90 ஆயிரம் ஆகும், பார்ட் வர பத்து நாள் ஆகும்" என்றார்கள். பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். பத்து நாள் வண்டி இல்லாமல் இருப்பதுதான் முடியாத காரியம். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அம்மாவால் உட்காரவே முடியாது, பின்சீட்டில் படுத்துத்தான் வருவார். பஸ்ஸில் கூட்டிவர வழியே இல்லை. நடுவழியில் வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாற்றித்தான் ஆக வேண்டுமா, ரிப்பேரிலேயே சரியாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுப்பேட்டை பக்கம் | ஞாயிறு, இரவு 10.05

90 ஆயிரம் கொடுக்காதீர்கள் சார். அந்த மாடலுக்குப் பழைய பாக்ஸ் சென்னை புதுப்பேட்டையில் தாராளமாகக் கிடைக்கும், விலை மூன்றில் ஒரு பங்குகூட வராது. இறக்கி ஏற்ற ஒரு நாள் போதும். என் பழைய செடானுக்கு அப்படித்தான் போட்டேன், இரண்டு வருடம் ஓடியது.

பழைய பணிமனை | ஞாயிறு, இரவு 10.50

தம்பி, அம்மா நல்லபடியாக இருக்கட்டும். நான் அரசு பஸ் டிப்போவில் 31 வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கியர் பாக்ஸ் பிரிவில் மட்டும் 12 வருடம். நீங்கள் எழுதியதை வைத்து மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று இப்போது சொல்லவே முடியாது. அந்த ஒர்க்‌ஷாப்பாலும் சொல்ல முடியாது. ஆயிலைப் பார்த்தார்களா? வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தார்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

கியர் பாக்ஸ் போச்சு என்று வரும் வண்டிகள் பலவற்றில் கோளாறு பாக்ஸில் இருக்காது. கிளட்சில் இருக்கும், கியர் கேபிளில் இருக்கும், எஞ்சின் மவுண்டில் இருக்கும், சில நேரம் சக்கர பேரிங்கில்கூட இருக்கும். எல்லாச் சத்தமும் தரை வழியாக ஒரே இடத்திலிருந்து வருவது போலத்தான் காதுக்குக் கேட்கும். அதனால் எந்த நேரத்தில் வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு இதைச் செய்யுங்கள்.

எஞ்சின் சூடானபின் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கிளட்சில் கால் வைக்காமல் கேளுங்கள். அப்புறம் கிளட்சை முழுக்க மிதித்துக் கேளுங்கள். கால் எடுத்திருக்கும்போது இருக்கும் சத்தம் மிதித்ததும் நின்றுபோனால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏனென்றால் மிதித்தவுடன் அந்த ஷாஃப்ட் நின்றுவிடும். மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங், கிளட்சை விடுவிக்கிற பேரிங். பாக்ஸுக்கு வெளியே இருக்கிற சாமான், கிளட்ச் செட்டோடு மாறிவிடும்.

அடுத்து ரிவர்ஸ். எஞ்சின் ஓடும்போது கிளட்சை அடிவரை மிதித்து, மூன்று எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் வெண்ணெய் போல விழும், ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் அடம்பிடிக்கும் என்றால் கியர் பாக்ஸை விட்டுவிட்டு கிளட்ச் சிலிண்டரைப் பாருங்கள்.

மூன்றாவது, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 50-ல் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒருபோதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். அப்படி உருளும்போதும் வண்டி வேகத்தோடு சேர்ந்து சத்தம் வந்தால் சக்கர பேரிங், டயர், டிஃபரென்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும். லேசாக இடது வலது ஒடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்கையில் சத்தம் கூடி, மறுபக்கம் குறைந்தால் சக்கர பேரிங்தான்.

கடைசியாக ஆயில். அதைப் பார்க்காமல் பேசுவது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

நாமக்கல் லோடு | திங்கள், காலை 5.30

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கியரில் சத்தம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே கியரில் மட்டும் என்றால் அந்த ஜோடிப் பல்லோ அதன் ஊசி பேரிங்கோ. எல்லாவற்றிலும் என்றால் ஷாஃப்ட் பேரிங். பின்சக்கர இழுவை வண்டிகளில், நான் ஓட்டும் லாரி மாதிரி, நேரடி கியரில் போட்டதும் சத்தம் காணாமல் போனால் கீழே இருக்கும் கவுன்டர் ஷாஃப்ட் பேரிங் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தக் கியரில் இழுவை கீழ் ஷாஃப்ட் வழியாகப் போகாது, நேராக மேலேயே போய்விடும். உங்கள் முன்சக்கர வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொலிரோ, சுமோ வைத்திருப்பவர்கள் படித்தால் உதவும் என்று எழுதினேன்.

அப்புறம் ஏற்றத்தில் இழுவை எப்படி? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நின்றால் அது கிளட்ச் பிளேட். காகிதம் கருகும் நெடி வரும்.

வைகைக்கரை | திங்கள், இரவு 8.15

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ரிவர்ஸ் சுத்தமாக விழுகிறது. ஏற்றத்தில் இழுவை நன்றாக இருக்கிறது, நெடி எதுவும் இல்லை. நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு "உர்ர்". கிளட்சை மிதித்ததும் இரண்டு மூன்று விநாடியில் அடங்கிவிடுகிறது. காலை எடுத்ததும் மறுபடியும் வருகிறது. பத்து தடவை செய்து பார்த்தேன், பத்து தடவையும் அப்படியே. நியூட்ரலில் 50-ல் உருளவிட்டபோது ஊளை இல்லை. மூன்றிலும் நாலிலும் சத்தம் அதிகம், ஐந்தில் உண்டு, ஒன்றிலும் இரண்டிலும் எஞ்சின் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியகுளத்தில் அப்பா காலத்திலிருந்து பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பிட்டில் ஏற்றிக் காட்டினேன். இடது பக்க ஆக்சில் பாக்ஸுக்குள் நுழைகிற இடத்திலிருந்து கீழே தகடு வரை கருப்பாக, ஈரமாக, மண் ஒட்டிக் கிடந்தது. விரலால் வழித்தால் அரை விரற்கடை தடிமனுக்குச் சேறு. முகர்ந்தால் கந்தக வாடை. "இது எஞ்சின் ஆயில் இல்ல, கியர் ஆயில்" என்றார். நிரப்பும் பிளக்கைக் கழற்றி விரல் விட்டார், ஒன்றும் தட்டுப்படவில்லை. வடித்து அளந்தால் கையேட்டில் போட்டிருக்கும் அளவில் பாதிகூட இல்லை.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எட்டு மாதத்துக்கு முன் இடது பக்க ஆக்சிலின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து ஓரிடத்தில் மாற்றினேன். அதற்காக ஆக்சிலை உருவினார்கள்.

பழைய பணிமனை | திங்கள், இரவு 9.20

சரி, கதை பிடிபட்டுவிட்டது தம்பி. ஆக்சிலை உருவும்போதோ திரும்ப நுழைக்கும்போதோ அதன் முனைப் பல் ஆயில் சீலின் உதட்டில் உரசியிருக்கும். உருவினால் சீலையும் மாற்றிவிட வேண்டும் என்பது அதற்காகத்தான், மிகச் சின்ன காசு. சொட்டுச் சொட்டாகப் போனதால் வீட்டு வாசலில் பெரிய கறை தெரிந்திருக்காது. ஓட்டத்தில் காற்றடித்து அடிப்பக்கம் முழுக்கப் பரவிவிடும்.

கியர் பாக்ஸில் ஆயில் குறைந்தால் எஞ்சின் மாதிரி சிவப்பு விளக்கு எரியாது. அதற்கென்று ஆயில் பம்பும் பெரும்பாலான சின்னக் கார்களில் கிடையாது. கீழே இருக்கும் பெரிய பல்சக்கரம் ஆயிலை வாரி மேலே இறைப்பதுதான் எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால். மட்டம் இறங்கினால் மேலேயும் கோடியிலும் இருக்கிற சாமான்கள்தான் முதலில் காயும்.

வடித்த ஆயிலைக் கொட்டிவிட்டீர்களா? இருந்தால் வெயிலில் பாருங்கள். பிளக் காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது?

வைகைக்கரை | செவ்வாய், மதியம் 1.10

கொட்டவில்லை ஐயா, அண்ணன் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் எடுத்து வைத்திருந்தார். இன்று உச்சி வெயிலில் போய்ப் பார்த்தேன். நிறம் ஏறக்குறைய கருப்பு. டப்பாவைச் சாய்த்தால் மேலே பட்டுப் புடவை ஜரிகை மாதிரி மஞ்சள் மினுமினுப்பு ஓடுகிறது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தேன், நறநறவென்று இல்லை. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அதில் ஊசி முனை மாதிரி இரண்டு மூன்று சின்னச் சில்லு. பல் உடைந்த மாதிரி எதுவும் இல்லை.

பழைய பணிமனை | செவ்வாய், மதியம் 2.30

நல்ல வேலை செய்தீர்கள். காந்தத்தில் சாம்பல் பசை எல்லா வண்டியிலும் இருக்கும், இத்தனை ஓட்டத்துக்கு அது இயல்பு. மஞ்சள் மினுக்கு பித்தளை, கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ கோன் என்ற வளையம் தேய்ந்தது. மூன்றில் நீங்கள் கேட்ட கடி அதுதான். இதை உறுதி செய்ய ஒரு வழி: நாலிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஒரு சொட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்து மூன்று போடுங்கள். பழைய பஸ் டிரைவர்கள் எல்லோரும் செய்த டபுள் கிளட்ச். அப்படிச் செய்தால் கடி இல்லாமல் விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது, வேகத்தைச் சமன் செய்யும் கோன் மட்டும்தான் போயிருக்கிறது.

சின்னச் சில்லு பேரிங்கின் ஓட்டப்பாதையிலிருந்து உரிந்தது. அது ஆரம்பித்துவிட்டால் நிற்காது. இன்னும் உடையவில்லை, ஆனால் தள்ளிப்போடும் நிலையும் இல்லை. நாளை மதுரை போக வேண்டுமென்றால் அளவு பார்த்து ஆயிலை நிரப்பிவிட்டுப் போங்கள், 60-க்கு மேல் வேண்டாம். திரும்பி வந்ததும் பாக்ஸை இறக்கிவிடுங்கள்.

மலைத்தோட்டம் | செவ்வாய், மாலை 4.00

இறக்குவதற்கு முன் 140 நம்பர் கெட்டி ஆயில் போட்டுப் பாருங்கள். எங்கள் எஸ்டேட் ஜீப்பில் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

பழைய பணிமனை | செவ்வாய், மாலை 5.15

வேண்டாம் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கெட்டி ஆயில் சத்தத்தைப் போர்வை போட்டு மூடும், உரிந்த பேரிங்கை ஒட்டவைக்காது. அந்த ஊளைதான் நமக்குக் கிடைக்கிற ஒரே எச்சரிக்கை. அதை மூடிவிட்டால் பேரிங் மொத்தமாகச் சிதறும்போதுதான் தெரியவரும். ஷாஃப்ட் சாய்ந்து, பல்லும் பல்லும் மோதி, பெட்டியே பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். கெட்டி ஆயிலில் சிங்க்ரோவும் பிடிக்காது, காலையில் முதல் இரண்டு கியர் விழவே அழும்.

நம்பர் மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள். ஆயிலுக்குத் தர வகையும் உண்டு, கையேட்டில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4 தான். ஜிஎல்-5 உயர்ந்தது என்று கடையில் கொடுப்பார்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பின் ஆக்சிலின் பல்லுக்காகச் செய்தது. சில வகை பித்தளைக் கோனை அரிக்கும், கோன் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும்.

கோவை மில்ரோடு | செவ்வாய், இரவு 9.00

வணக்கங்க. நான் ஓட்டுவது ஏஎம்டி, கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறும் வகை. போன வருடம் எனக்கும் இதே "கியர் பாக்ஸ் போச்சுங்க" கதைதான் நடந்தது, அதனால் எழுதுகிறேன். சிக்னலில் நிற்கும்போது திடீரென்று நியூட்ரலுக்குப் போய், டிஸ்ப்ளேயில் கியர் எண் மினுக்கும். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். முழு பாக்ஸும் மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் கோட் கிளட்ச் ஆக்சுவேட்டரைக் காட்டியது. பிரித்தபோது கிளட்ச் பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. உள்ளே பல், பேரிங் எல்லாம் புதுசு மாதிரி.

2014-ல் செலேரியோவில் வந்தபின் ஏஎம்டி எங்கும் பரவிவிட்டது, ஆனால் அது உள்ளுக்குள் நம் பழைய மேனுவல் பாக்ஸ்தான் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லைங்க. கிளட்சை மிதிக்கும் காலும் கியர் போடும் கையும் மட்டும்தான் மோட்டார். காந்திபுரம் மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பேன். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போட்டு நிற்பதும் இதுவும் ஒன்றே என்று அந்த மெக்கானிக் அண்ணாதான் தேய்ந்த பிளேட்டைக் கையில் கொடுத்துக் காட்டினார். இப்போது பிரேக்கில்தான் நிற்கிறேன்.

வைகைக்கரை அண்ணா, இரண்டாவது ஆளிடம் காட்டாமல் பணம் கட்டாதீங்க.

நல்லூரான் | புதன், காலை 7.20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். இங்கை ஓடுற வாகனங்களில கனக்க ஜப்பானில பாவிச்சு வந்தவை, பெரும்பாலும் சிவிடி எண்ட ஓட்டோமற்றிக் வகை. உங்கட மேனுவல் கதையைப் பார்க்க எனக்குப் பொறாமையா இருக்கு அண்ணை, பழுதானதை மட்டும் எடுத்து மாத்தலாம். எனக்கு நடந்தது வேறை.

ஒரு கராஜில கியர் ஒயில் மாத்தக் குடுத்தனான். சிவிடி ஒயிலுக்குப் பதிலா சாதாரண ஓட்டோமற்றிக் பெட்டிக்கு ஊத்திற ஏடிஎஃப் ஒயிலை ஊத்திப்போட்டினம். இரண்டு கிழமைக்குள்ள, நிண்டு வெளிக்கிடேக்க வாகனம் குளிர்க்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கத் தொடங்கிச்சுது. ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. சிவிடியில பல்லுச்சக்கர ஜோடிகள் இல்லை, இரண்டு கப்பிக்கு நடுவில உருக்குப் பட்டி ஒண்டு ஓடும். அந்தப் பட்டி வழுக்காமல் பிடிக்கிறதுக்கெண்டே செய்த ஒயில் வேணும். வழுக்கினால் கப்பியின்ர முகம் கோடு கோடாகக் கீறும். ஒயில் தட்டைக் கழட்டேக்க காந்தம் நாலும் முள்ளம்பன்றி மாதிரி இரும்புத்தூள். திரும்பச் சரியான ஒயில் ஊத்தியும் நடுக்கம் போகேல்லை. அந்த நிலையில திருத்த ஏலாது, பாவிச்ச பெட்டி ஒண்டைத்தான் போட்டனான். மாத்த வேண்டிய சந்தர்ப்பமும் இருக்கு எண்டு சொல்லத்தான் எழுதினன்.

ஓசூர் தினசரி | புதன், காலை 10.40

இழையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னுடையது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் இழுவையை ஆயில் வழியாகக் கடத்தும் அமைப்பு) உள்ள ஆட்டோமேட்டிக், 1,10,000 கி.மீ. காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரை வண்டி அசையாது, அப்புறம் "டொக்" என்று ஒரு உதை. சூடானபின் சரியாகிவிடுகிறது. இதுவும் ஆயிலா?

ஸ்கார்பரோ பனி | புதன், மாலை 6.30

நான் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக வேலை, அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம்.

தாமதமும் உதையும் உள்ளே அழுத்தம் சேர நேரமாகிறது என்பதைக் காட்டுகின்றன. மட்டம் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், உள்ளே இருக்கும் கிளட்ச் அடுக்கின் (கிளட்ச் பேக்) ரப்பர் சீல் இறுகியிருக்கலாம், ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் சோலெனாய்டு என்ற மின்காந்த வால்வ் ஒட்டியிருக்கலாம். ரப்பர் இறுகியிருந்தால் குளிரில் கசியும், சூடானால் இளகி அடைத்துக்கொள்ளும். உங்கள் அறிகுறி அதற்குப் பொருந்துகிறது. எங்கள் ஊர் ஜனவரியில் இப்படி வண்டிகள் வரிசைகட்டி வரும்.

முதலில் மட்டம் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூடாக, ஓடிக்கொண்டு, பார்க்கில் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் பலவற்றுக்கு எஞ்சினை நிறுத்தியவுடன் பார்க்கச் சொல்வார்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் குச்சியே இல்லை, அடியில் பிளக்கைத் திறந்து குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளக்க முடியும். வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ பரவினால் நம்பிக்கை உண்டு. கரும்பழுப்பாக, கருகிய வாடையோடு, நடுவில் கருப்புத் துகள் நின்றால் அது கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு.

கியர் மாறும் நேரத்தில் ஆர்பிஎம் சும்மா எகிறி இறங்கினால் அது கவலைக்குரியது. 60, 70-ல் சீராகப் போகும்போது கரடுமுரடான ரோட்டில் போவது போல நடுக்கம் வந்தால் கன்வெர்ட்டர் லாக்-அப் பக்கம் பார்க்க வேண்டும், சில சமயம் ஆயில் மாற்றினாலே போய்விடும். வண்டி மூன்றாவது கியரிலேயே பூட்டிக்கொண்டு மாறாமல் போனால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறைக்குப் போய்விட்டது. உடனே ஸ்கேன் செய்யுங்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டி, அதில் பதிவான பிழைக் குறியீட்டை (கோட்) அழித்துவிடாதீர்கள். அந்தக் குறியீடுதான் எங்களுக்கு வழிகாட்டி.

மிஷின் வைத்து அழுத்தத்தோடு ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். வடித்து, வடிகட்டி மாற்றி, அளவாக நிரப்பச் சொல்லுங்கள். மேலுள்ள நண்பர் சொன்ன மாதிரி, புத்தகத்தில் போட்டிருக்கும் அதே வகை ஆயில்.

ஓசூர் தினசரி | புதன், இரவு 7.05

மிக்க நன்றி அண்ணா. சனிக்கிழமை டிஷ்யூவில் விட்டுப் பார்த்துவிட்டுத் தனி இழை போடுகிறேன்.

வைகைக்கரை | புதன், இரவு 10.30

மதுரை போய்த் திரும்பியாயிற்று. புது ஆயிலில் சத்தம் பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. டபுள் கிளட்ச் செய்தேன் ஐயா, மூன்று கடிக்கவே இல்லை. அம்மா பின்னாலிருந்து, "என்னடா, இன்னைக்கு வண்டி கத்தல" என்றார். நாளைக் காலை அண்ணன் பாக்ஸை இறக்குகிறார். சனிக்கிழமைக்கு மாமா மகனின் வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். திறந்து பார்த்தபின் எந்த நிலையில் ரிப்பேர், எந்த நிலையில் வேறு பாக்ஸ் என்று முடிவெடுப்பது? புதுப்பேட்டை நண்பர் சொன்ன வழியையும் கையில் வைத்துக்கொள்ளலாமா?

பழைய பணிமனை | வியாழன், காலை 6.10

பேரிங், கோன், சீல், கியரை நகர்த்தும் ஃபோர்க் என்று நின்றால் ரிப்பேர்தான், யோசிக்கவே வேண்டாம். ஒரு கியரின் பல் போயிருந்தால் ஜோடியாக மாற்றலாம். ஒன்றை மட்டும் புதுசாகப் போட்டால் தேய்ந்த பழசோடு ஒட்டாமல் கத்தும். பேரிங் உட்காரும் குழியை நகத்தால் தடவிப் பாருங்கள். பேரிங்கின் வெளி வளையமே சுற்றி அலுமினியக் குழியைத் தின்றிருந்தால் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் ஆடும், அந்தப் பெட்டியை விட்டுவிட வேண்டும். ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் நீலமாகக் கன்றியிருந்தாலும் அப்படியே. பெட்டியில் விரிசல் இருந்தாலும், மூன்று நான்கு கியரில் பல் சிதைந்திருந்தாலும், சாமான் விலையே வேறு பாக்ஸ் விலையைத் தாண்டும்.

பழைய பாக்ஸ் வாங்கினால் அதையும் திறந்து பார்க்காமல் ஏற்றாதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து, எதனால் வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

புதுப்பேட்டை பக்கம் | வியாழன், காலை 9.00

பெரியவர் சொல்வது சரிதான். என்னுடையது இரண்டு வருடம் ஓடியது என்று எழுதினேன், அதற்கு முன் ஒரு பாக்ஸை ஏற்றித் திருப்பிக் கொடுத்ததையும் எழுதியிருக்க வேண்டும். வெளியே பார்க்க அச்சு அசல் அதே பாக்ஸ், உள்ளே பல் கணக்கு வேறு. ஒரே எஞ்சினை இரண்டு மூன்று மாடலில் போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வரும். பாக்ஸின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துப் போய் ஒத்துப் பாருங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றிப் பார்க்கவும், பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும் விடாத கடையில் வாங்க வேண்டாம்.

வைகைக்கரை | வியாழன், இரவு 9.50

திறந்தாயிற்று. அண்ணன் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்.

இன்புட் ஷாஃப்ட்டின் கோடி பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றினேன், மணல் அரைகிறது. உள் வளையத்தில் அம்மைத் தழும்பு மாதிரி நாலைந்து குழி. மூன்றாவது கோனைப் புதுசு ஒன்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதுசில் உள்ளே வரி வரியாகக் கூர்மையான திருகுக் கோடு, என்னுடையதில் கண்ணாடி மாதிரி வழவழப்பு. கியர் முகத்தில் வைத்து அழுத்தினால் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. நாலாவது கோனும் பாதி தேய்ந்திருந்தது. பல் ஒவ்வொன்றாக விளக்கு அடித்துப் பார்த்தோம், ஒன்றும் உடையவில்லை. குழியை நகத்தால் தடவினேன் ஐயா, சுத்தமாக இருக்கிறது. ஷாஃப்ட்டில் நீலம் இல்லை. பெட்டி தப்பித்தது. ஆக்சில் சீலின் உதட்டில் ஒரே இடத்தில் அரிசி அளவுக்குக் கிழிசல்.

நாமக்கல் லோடு | வியாழன், இரவு 10.20

இறக்கியதோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றுங்கள், இன்னொரு தடவை இறக்கும் லேபர் மிச்சம். இன்புட் ஷாஃப்ட்டின் முன் சீலையும் மறக்க வேண்டாம். அதில் கசிந்தால் புது பிளேட்டில் ஆயில் இறங்கிவிடும். வலது ஆக்சில் சீலும் சேர்த்து.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.30

வெள்ளிக்கிழமை மதுரை போய் சாமான் வாங்கி வந்தேன், இன்று மதியம் வண்டி கைக்கு வந்தது. கிளட்ச் செட் 8,600, ஷாஃப்ட் பேரிங்குகள், இரண்டு கோன், சீல்கள் எல்லாம் சேர்த்து 9,300, ஆயில் 1,500, லேபர் 8,000. மொத்தம் 27,400 ரூபாய். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக இருக்கிறது. பழைய சாமானை ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தார், வீட்டில் வைத்திருக்கிறேன்.

மாலையில் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கணவாய் வரை போய் வந்தேன். ஏற்றத்தில் மூன்றாவது கியர், ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டோம். எஞ்சின் சத்தமும் காற்றும்தான். நாலிலிருந்து மூன்றுக்கு வேண்டுமென்றே சட்டென்று இறக்கினேன், கடி இல்லை. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பழைய பணிமனை | ஞாயிறு, இரவு 9.05

மனசு நிறைந்தது தம்பி. 1,000 கி.மீ. ஆனதும் இந்த ஆயிலை வடித்துவிடுங்கள். புதுக் கோன் பதியும்போது கொஞ்சம் பித்தளைத் தூள் வரும், பயப்பட வேண்டாம். வாரம் இரண்டு தடவை மதுரை போய் வந்தால் மூன்று நாலு வாரத்தில் ஆகிவிடும். அன்றைக்குப் பிட்டில் ஏற்றும்போதே இரண்டு ஆக்சில் பக்கமும் விரலால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருக்க வேண்டும்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.20

சரி ஐயா. அடுத்த மாதம் முதல் ஞாயிறு வடிக்கிறேன். காந்தத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

பழைய பணிமனை | ஞாயிறு, இரவு 9.30

போடுங்கள். பிளக்கின் செம்பு வாஷரை மட்டும் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழசைத் திரும்பப் போட வேண்டாம்.